சர்பத் கடைக்கு வந்த முப்பத்தோராயிரம் பார்சல்கள்

பட்டனை அழுத்தியதும் நாலு விநாடிதான். அதற்குள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பார்சல்களும் எந்தத் தெருவுக்கு எது, யார் கையில் எது, எதற்கு அடுத்து எது என்று பிரிந்து, நிறம் நிறமான கோடுகளாகத் திருநெல்வேலியின் மேல் படிந்து நின்றன. சுடலைவடிவு இதை முந்தாநாளிலிருந்து அறுபது தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த நாலு விநாடியில் அவளுக்கு மூச்சு நின்று வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடோனில் இதே வேலையைப் பதினாலு பேர் காலை ஏழு மணியிலிருந்து தரையில் குந்தியிருந்து செய்துகொண்டிருந்தார்கள். பார்சலை எடுப்பது, முகவரியைப் பார்ப்பது, இது உனக்கு, இது எனக்கு என்று தூக்கிப் போடுவது. கடைசியாகக் கொடுக்க வேண்டியது பைக்குள் முதலில் போக வேண்டும், முதலில் கொடுக்க வேண்டியது மேலே இருக்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, இதற்கு நாலு விநாடி. பெங்களூரிலோ எங்கேயோ குளிரூட்டிய ஓர் அறையில் கிடக்கும் ஏதோ ஒரு பெட்டி, வண்ணார்பேட்டையைப் பார்த்ததே கிடையாது, தாமிரபரணிப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று புகை குடித்தது கிடையாது, அதற்கு எப்படித் தெரியும் என்று அவள் நினைத்தாள். நினைத்ததும், இதை ஒரு பட்டதாரி நினைக்கலாமா என்று கூச்சமாகவும் இருந்தது. எப்படி என்று அவள் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனாலும் கண்முன்னால் நடக்கும்போது படித்தது ஒன்றும் துணைக்கு வரவில்லை. மணி எட்டு ஐம்பது. பத்து மணிக்கு முதலாளி திரவியம் அண்ணாச்சி வருவார். வந்து, இரண்டு மென்பொருளில் எதை வாங்க என்று கேட்பார். ஒன்று ஹைதராபாத் கம்பெனியுடையது, ஒன்று கோயம்புத்தூர்க் கம்பெனியுடையது. ஆபீஸில் இப்போது யாரும் பெயரைச் சொல்வதில்லை, ஊரைத்தான் சொல்கிறார்கள். ஹைதராபாத்துக்குப் பதினோரு ஆள் போதுமாம், கோயம்புத்தூருக்குப் பதினாலு பேரும் வேணுமாம், என்று அண்ணாச்சி போனில் யாரிடமோ பெண் பார்த்துவிட்டு வந்தவரைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் அறிக்கையைப் பார்த்துவிட்டு உனக்குப் பெர்மனென்ட் லெட்டர் என்றும் சொல்லியிருந்தார். ஆறு மாசப் பயிற்சி முடிகிறது. வீட்டில் அம்மா பீடி சுற்றிக்கொண்டே தட்டுக்கூடைக்குள் பார்த்தபடி, இன்னைக்கா, என்று மட்டும் கேட்டாள். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களிடம் எல்லாம், எம்மவ கம்ப்யூட்டர்லயே வண்டி ஓட்டுதா, என்று சொல்லி வைத்திருக்கிறார்.

கோயம்புத்தூர் அழகில்லாதது. ஒவ்வொரு முகவரியையும் எழுத்துக்கூட்டிப் படித்து, கதவு எண் இல்லை, தெரு இரண்டு இடத்தில் இருக்கிறது, எந்தத் தெரு என்று சொல்லு என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். பதில் சொல்லி மாளாது. ஹைதராபாத் ஒன்றும் கேட்காது. பழைய கணக்கை அப்படியே கொடுங்கள், அதுவே கற்றுக்கொள்ளும் என்றார்கள். வடிவுதான் போன வருடத்துக் கணக்கு முழுவதையும் ஏற்றினாள். ஒவ்வொரு பார்சலும் கொடுத்தாயிற்று என்று போனில் அழுத்தும்போது அந்த இடம் பதிவாகும், அந்த இடம்தான் வீடு, அவ்வளவுதானே. நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஏறி முடிந்த அன்று திரை கருப்பாகி, அதில் புள்ளி புள்ளியாக ஊர் எழுந்து வந்ததை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். ஆறு கருப்பாக வளைந்து போனது. மேலப்பாளையம், பேட்டை, டவுண், தச்சநல்லூர், எல்லாம் மங்கலாக மினுமினுவென்று. ஒவ்வொரு புள்ளியும் யாரோ கதவைத் திறந்து கையை நீட்டியது என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் கட்டியது, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துத் துடைத்துக்கொண்டாள். அந்த மங்கலுக்கு நடுவில் பதினாலு இடங்கள் மட்டும் கண் கூசும் வெள்ளையாக எரிந்தன. ஹைதராபாத்திலிருந்து வீடியோவில் பேசிய விகாஸ் என்ற பையன், அடர்த்தி ரொம்பப் பிரமாதம் மேடம், இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை, ஒரே இடத்தில் இத்தனை பார்சல், அதனால்தான் மூன்று ஆள் மிச்சமாகிறது என்றான். மேடம். அவளை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள், என்று அவளே பதில் சொன்னாள். கேட்கவில்லை, சந்தேகப்படவில்லை, சொன்னாள். இப்போது, அறிக்கையில் அந்த அடுக்குமாடிகளின் பெயரை எழுதலாமே, எழுதினால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று, பதினாலில் ஆகப் பெரிய வெளிச்சத்தை, சமாதானபுரத்தில் இருப்பதை, விரலால் விரித்தாள். விரித்தாள், இன்னும் விரித்தாள். அடுக்குமாடி இல்லை. மாடியே இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் தெரிந்தது. தெருவிலிருந்து எடுத்த படத்தில் அதே தார்ப்பாயின் கீழே இரண்டு பெஞ்சும், எலுமிச்சம்பழம் அடுக்கிய ஒரு தள்ளுவண்டியும், நன்னாரி சர்பத் என்ற பலகையும். அந்தச் சர்பத் கடைக்குப் போன வருடம் முப்பத்தோராயிரம் பார்சல் போயிருக்கிறது.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு மற்றதை விரித்தாள், ஒரு தர்கா வாசல், ஒரு பெட்ரோல் பங்கின் பின்பக்கம், ஒரு கல்யாண மண்டபத்தின் பூட்டிய கேட், ஈரடுக்குப் பாலத்தின் கீழே ஒன்றுமே இல்லாத ஓர் இடம், அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபராணி அக்கா பையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினாலு பேரில் ஒரே பெண், சமாதானபுரம் அவள் பகுதி, ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பை பின்னால் ஒரு பை என்று நடுவில் ஆள் தெரியாமல் போவாள். கேட்கலாம். எழுந்து பத்தடி நடந்தால் கேட்டுவிடலாம். இந்தப் பத்தடி ஒரு மாதமாக இருந்ததுதானே என்று வடிவுக்குத் தோன்றியது. காலேஜில் முதல் வருடம் லேபில் மிஸ் புரிஞ்சுதா என்று கேட்கும்போது எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டிய தலை இது. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும், தெரியாது என்பது தெரிந்தால் நீ ஏன் இங்கே வந்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள், அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் கிடையாது. அதனால் வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து புத்தகத்திலிருந்து தானே எடுத்துக்கொள்வாள், புத்தகத்தில் எல்லாம் இருந்தது, எல்லாவற்றுக்கும் பாஸ் ஆனாள். புத்தகத்தில் இல்லாத ஒன்று இப்போது தார்ப்பாயின் கீழே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். 

“என்னட்டி, கண்ணாடிக்கூட்டை விட்டு இறங்கிட்டே? அண்ணாச்சி வாரதுக்குள்ள எங்கள எண்ணிப் பாக்க வந்தியா?” என்றாள் ஜெபராணி.

“இல்லக்கா. ஒண்ணு கேக்கணும்.”

“கேளு. இந்தக் கயித்தப் பிடிச்சிக்கிட்டே கேளு.”

வடிவு கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “பார்சலக் குடுத்துட்டு, குடுத்தாச்சுன்னு போன்ல எப்பக்கா போடுவீங்க?”

“எப்பன்னா? ஓடிபி உள்ளத வாசல்லயே போட்டாகணும், அவங்க நம்பர் சொல்லணும்லா. மத்ததெல்லாம் சீட்டக் கிழிச்சு இடுப்புப் பைக்குள்ள போட்டுக்கிட்டே போவேன். ஒரு மணிக்குச் சர்பத் கடையில உக்காந்து எல்லாத்தையும் சேத்து ஒரே அழுத்தா மொத்தமாப் போடுவேன்.” ஜெபராணி முடிச்சைப் பல்லால் இழுத்தாள். “வாசல்ல நின்னு ஒண்ணொண்ணாப் போட்டா இந்த வெளங்காத போனு முக்கா நிமிசம் சுத்திக்கிட்டே நிக்கும். வெயில்ல திரையும் தெரியாது. நூத்திப் பத்துப் பார்சலுக்கு நின்னேன்னு வையி, நான் கருவாடா ஆயிருவேன். கடைக்காரரு எனக்குன்னு அந்த ஓரத்து பெஞ்ச யாருக்கும் குடுக்கமாட்டாரு. இங்கன இருக்கிற எல்லாரும் இப்படித்தான், காஜா அண்ணன் தர்காவுல உக்காந்து போடுவாரு, காத்து நல்லா வரும் பாத்துக்க…” சொல்லிக்கொண்டே வந்தவள் வடிவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கயிறு நின்றது. “எதுக்குக் கேக்கே?”

“அக்கா…”

“எழுதப் போறியா?”

“இல்லக்கா, அந்த ஹைதராபாத்து…”

“நேத்தே சொன்னானுவோ. மூணு பேர எடுக்கப் போறாவளாம், ஒம்போதாம் நம்பர் ரூட்டும் அதுல இருக்காம். ஒம்போது நாந்தான்.” ஜெபராணி ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். இரண்டு பைகளுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் குரல் மட்டும் வந்தது. “உக்காந்து போட்டதையும் சேத்து எழுதிக்கோ. படிச்ச புள்ள, கையெழுத்து நல்லா இருக்கும்.”

ஸ்கூட்டர் போய்விட்டது. வடிவின் கையில் மிச்சக் கயிறு இருந்தது.

நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். ஒன்பது முப்பத்தைந்து. திரையில் பதினாலு வெளிச்சமும் அப்படியே இருந்தன. பொய்யென்று தெரிந்த பிறகும் அவை கொஞ்சம்கூட மங்கவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மங்காதது மட்டுமா, முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தன. யாரும் சொல்லிக் கொடுக்காமல், கேட்காமல், வந்து பார்க்காமல், எங்கோ கிடக்கும் அந்தப் பெட்டி நாலு லட்சம் பதிவுகளைக் கிண்டிக் கிளறி இந்த ஊரில் பதினாலு பேர் ஒரு நாளில் எங்கே உட்காருகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டது. அவர்கள் வீட்டாருக்குக்கூட அது தெரியாது. ஜெபராணியின் புருஷனுக்கு அந்த ஓரத்து பெஞ்சு தெரியுமா? வெயில் உச்சிக்கு ஏறும்போது முதுகை எங்கே சாய்ப்பது என்று ஒவ்வொருவரும் தேடித் தேடிக் கண்டடைந்த நிழல் இது, வருடம் முழுக்க ஒரே இடத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள், தவறவே இல்லை, பறவைகள் இறங்குவதைப் போல. அதை வீடு என்று அது எண்ணிக்கொண்டது. எண்ணியதில் அதன் தப்பு என்ன, ஒருத்தி தினமும் போகிற இடம் வீடில்லாமல் வேறென்ன என்று அது நினைத்திருக்கும், நினைக்குமா, நினைக்காது, அவள்தான் நினைக்கிறாள். சரி, அப்படியானால் வீடுகள் எங்கே? நிஜமான வீடுகள், பச்சைக் கேட்டு, நாய் உண்டு, மாடியில் இருக்கிற டீச்சர் மூன்று மணிக்குத்தான் வருவாள் அதனால் கீழ்வீட்டில் கொடு, கதவு எண் பதினேழு பதினெட்டுக்கு அடுத்து இருக்காது சந்துக்குள் இருக்கும், இதெல்லாம் எங்கே? கோயம்புத்தூரில் இல்லை, ஹைதராபாத்தில் இல்லை, அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறுமையாகிவிட்ட தரையில் சற்று முன்புவரை குந்தியிருந்த பதினாலு தலைக்குள் இருக்கிறது. அத்தனை வாசலும் தலைக்குள் ஏறி, இப்போது ஊருக்குள் பதினாலு திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு மேல்சட்டைக்குள் மயிர்க்கூச்செறிந்தது. நாலு விநாடிக்காக மூச்சை நிறுத்தியவள், இந்த இரண்டு மணி நேரத்தை ஒரு நாள்கூட எழுந்து நின்று பார்க்கவில்லை.

பயம் அதன் பின்னாலேயே வந்தது. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். லெட்டர் வரும். மூன்று பேர் போவார்கள். அடுத்த வாரம் ஹைதராபாத் சொல்கிறபடி யாராவது நூறு பார்சலைச் சர்பத் கடைக்குக் கொண்டுபோய் நிற்பான், நின்று திருதிருவென்று விழிப்பான், வேலை குழம்பும். குழம்பியதும் யாரைச் சொல்வார்கள்? மென்பொருளைச் சொல்லமாட்டார்கள், அவளையும் சொல்லமாட்டார்கள், இவனுங்களுக்கு ஒழுங்காப் பாத்துப் போகத் தெரியல என்று மிச்சமிருக்கிற பதினோரு பேரைச் சொல்வார்கள். அதுதான் நடக்கும், அப்பாவின் சந்தையில் மூட்டை கிழிந்தால் சாக்கைச் சொன்னதே கிடையாது. சொன்னால் என்ன ஆகும்? ஏற்றியது நான், பார்க்காமல் ஏற்றினேன், என்று சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அண்ணாச்சி நிறுத்தமாட்டார், ஏன் அங்கே விழுந்தது என்று கேட்பார், கேட்காமல் இருக்க அவர் என்ன அவளைப் போலப் பட்டதாரியா. கேட்டால் பெஞ்சைச் சொல்ல வேண்டும். தன் தப்பை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துச் சொல்ல வழியிருக்கிறதா என்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது அவர்களுடைய நிழலோடு சேர்ந்துதான் வந்தது. போன் பழுது என்று சொல்லலாமா? சிக்னல் என்று? பொய் சொன்னால் நாக்கு குழறும் அவளுக்கு, எட்டாம் வகுப்பில் ஒரு தடவை குழறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒன்பது ஐம்பத்திரண்டு. ஒன்பது ஐம்பத்தைந்து. வாசலில் அண்ணாச்சியின் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சந்தன வாசனை. “ஏயப்பா,” என்றார் திரையைப் பார்த்து. குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “ஏயப்பா, என்னா வெளிச்சம்! நம்ம ஊரா இது?” அவர் குரலில் தன்னுடைய குரலையே கேட்டதுபோல இருந்தது வடிவுக்கு. ஒரு நிமிடம் விட்டுவிடலாம், அவரும் பார்க்கட்டும் என்றுகூடத் தோன்றியது.

“சரி சொல்லு, ஹைதராபாத்தா கோயம்புத்தூரா?”

“இப்ப எதையும் சொல்ல முடியாது அண்ணாச்சி. இதுல தப்பு இருக்கு. நான் செஞ்ச தப்பு.”

“என்ன தப்பு?”

“அந்தப் பதினாலும் அடுக்குமாடி இல்ல. அவங்க உக்காருத இடம். அங்கன வச்சு மொத்தமாப் போடுதாங்க. வாசல்ல வச்சுப் போட்டா ஒவ்வொண்ணுக்கும் போன் முக்கா நிமிசம் சுத்துது. நான் அதப் பாக்காம அப்படியே ஏத்திட்டேன். பதினோரு ஆள் போதுங்கிறது பொய் அண்ணாச்சி. மிஷின் பொய் சொல்லல, நான் குடுத்தது பொய்.” நாக்கு குழறவில்லை. காது மட்டும் சுட்டது.

“யாரு யாரு உக்காந்து போடுதா?”

“எல்லாரும்.”

“எல்லாருமா?” அண்ணாச்சி நிமிர்ந்தார். “அப்ப இங்கன நான் ஒருத்தந்தான் கேனையனா? கண்ணாடிக்குள்ள ஏசியப் போட்டு உன்ன உக்காத்தி வச்சிருக்கு, ஒரு மாசமா நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தே?”

“வெளிச்சத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவர் மறுபடியும் திரையைப் பார்த்தார். 

“அப்ப வீடெல்லாம் எங்கதான் இருக்கு?”

“அவங்க தலையிலதான். வேற எங்கயும் இல்ல.”

“லெட்டரு இப்பக் கிடையாது,” என்றார் அண்ணாச்சி. “ரெண்டு கம்பெனிக்காரனையும் ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லு. நாளையிலருந்து ஒருத்தன் விடாம வாசல்ல வச்சுத்தான் போடணும், வெயிலாவது மழையாவது.”

அவர் திரும்பி நடந்தார். முடிந்தது என்று உடம்பு சொல்லியது, உட்கார், வாயை மூடு, இதற்கு மேல் உன்னால் ஆகாது. நூற்றுப் பத்தை முக்காலால் பெருக்கினால் எண்பத்திரண்டரை என்று தலை தானாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல், வெயிலில், சும்மா நின்றபடி.

“அண்ணாச்சி.” அவர் நின்றார். “வாசல்ல வச்சுப் போட்டா நூத்திப் பத்து ஆகாது, ஒண்ணே கால் மணி நேரம் நிக்கதுலயே முப்பது பார்சல் போயிரும். ஆளுக்கு எண்பதுதான் ஆகும். பதினாலு பேரே பத்தாது.”

“எண்பதா?”

“எண்பது. நான் எழுதித் தாரேன்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபமா யோசனையா என்று தெரியவில்லை. “எழுது, பாப்போம்,” என்றுவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

அவள் எழுத உட்கார்ந்தாள். முதல் வரியை மூன்று தடவை அழித்தாள். திரையின் மூலையில் இன்றைய பதிவுகளுக்கான சின்ன வரைபடம் திறந்தே கிடந்தது. யாராவது போனில் அழுத்தினால் ஐந்து விநாடியில் ஒரு புள்ளி விழும், இந்த நேரத்தில் ஓடிபி பார்சல்கள் மட்டும்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். பத்து பதினேழுக்கு, மனக்காவலம்பிள்ளை நகரின் உள்தெரு ஒன்றில் ஒரு புள்ளி விழுந்தது. ஒன்பதாம் நம்பர் ரூட். வடிவு அதன்மேல் அம்புக்குறியை வைத்தாள். ஓடிபி இல்லாத பார்சல். போன வருடம் முழுக்க அந்தத் தெருவில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழுந்ததில்லை. அண்ணாச்சி சொன்னது அக்காவுக்கு இன்னும் தெரியாது, யாரும் போன் செய்யவில்லை. பயந்தா, வீம்புக்கா, இந்தா எழுதிக்கோ என்றா? வடிவுக்குத் தெரியவில்லை. நாலு வீடு தள்ளி இரண்டாவது புள்ளி விழுந்தது, எதிர்ச்சாரியில் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் மனதுக்குள் முக்கால் நிமிடம் எண்ணினாள். வெயிலில் ஒருத்தி போனைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள், சுற்றுகிறது, சுற்றுகிறது, வாங்கினவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயாகிவிட்டது, அவள் இன்னும் நிற்கிறாள். பிறகு ஒரு வீடு, அது இருக்கிற இடத்திலேயே, மெல்ல மினுங்கியது.